இடது தோளுக்குக் கீழே

சிவகுருநாதன் குளிக்கும்போது யாரையோ ஏசுவார்.

கலியாணம் முடித்து டுசல்டோர்ஃபுக்கு வந்த முதல் மாரியிலேயே இராஜேஸ்வரி அதைக் கேட்டுவிட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள் அடிக்குரலில் ஒரு வசவு. கொஞ்சம் மௌனம். பிறகு இன்னொன்று. மீன் சந்தையில்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சொற்கள். புதுப்பெண், பாஷை தெரியாத ஊர், ஐந்தாம் மாடி வீடு. தன்னைத்தான் ஏசுகிறாரோ என்று அவள் குசினிக்குள் நின்று நடுங்கினாள். குளித்து முடித்து வந்தவரோ துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு, "இஞ்சாரும், பிளேன்ரீ ஒண்டு போடுமன்" என்று சாந்தமாகக் கேட்டார்.

ஒரு கிழமை கழித்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோதுதான் அது அவள் விரலில் தட்டுப்பட்டது. இடது தோள்பட்டைக்குக் கீழே, தசைக்குள், புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று. அமத்தினால் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போயிற்று.

"என்னப்பா இது?"

"ஷெல் துண்டு. யோசப்பைச் சாகடிச்சுப்போட்டு எனக்குள்ள வந்து குந்தியிருக்கு, நாய். குளிருக்குக் குத்தும். அதுதான் ஏசுறனான்."

மிச்சக் கதையைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மாரி பிடித்தது. எண்பத்தாறாம் ஆண்டில் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு பற்றரிக் கடையில் அவர் வேலை செய்தார். கூட வேலை செய்தவன் குருநகர் யோசப். இவருக்கு இருபத்தொன்று, அவனுக்குப் பத்தொன்பது. இராணுவம் இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வந்தால் குப்புறப் படுத்துவிட வேண்டும். அன்றைக்கும் இருவரும் படுத்தார்கள். யோசப் இவருக்கு இடப்பக்கத்தில், தோளோடு தோள் முட்டக் கிடந்தான். புழுதி அடங்கியபின் எழும்பியவர் இவர் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் அன்று காயக்காரர் நிலத்திலும் கிடந்தார்கள். மேலால் தைத்துவிட்டு, உள்ளே கிடப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. கொழும்பு வந்தது, ஜேர்மனி வந்தது.

இங்கே அகதி முகாமில் முன்னரே வந்திருந்த ஒருவர் புத்தி சொன்னார். "காயமிருக்கெண்டு வாய் திறந்திடாதை. இயக்கத்தில இருந்தவனெண்டு எழுதிப்போட்டுத் திருப்பி ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்." விசாரணை மேசையில் அந்தக் கேள்வி வந்தபோது சிவகுருநாதன் "இல்லை" என்றார். அந்த இல்லை தட்டச்சில் ஏறி, முத்திரை குத்தப்பட்டு, கோப்புக்குள் போயிற்று. அதற்குப் பிறகு வந்த எல்லாப் பத்திரத்திலும், ஜேர்மன் கடவுச்சீட்டுக் கையில் கிடைத்த பிறகும்கூட, உடம்பில் காயம் உண்டா என்றால் இல்லை, இல்லை, இல்லை.

இருபத்தாறு வருடம் அவர் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தார். சாமான் தூக்கும் வண்டிகளின் பற்றரியைக் கழற்றிச் சார்ஜில் போடுவதும், அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. அமிலம் தெறித்து அவருடைய சட்டைக் கைகளெல்லாம் எறும்பு அரித்தது போலிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பின்னேரம், வேலையால் வந்தவர் மூன்றாம் மாடிப் படியில் குந்திவிட்டார். மேலே ஏறவும் ஏலவில்லை, கீழே இறங்கவும் ஏலவில்லை. இதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து மூன்று தலையணை, கைநிறைய மாத்திரை, உப்பில்லாத குழம்பு.

"உந்த உப்பில்லாத மீனைத் தின்னுறதுக்கு நேரா மேல போய்ச் சேரலாம்" என்பார்.

"அங்கயும் உப்பில்லையாம். தின்னுங்கோ" என்பாள் இராஜேஸ்வரி.

மருந்துகள் போதாமல் போனபோது, இதய டொக்ரர் அவர்களைப் பான் நகரத்திலிருந்த பெரிய கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கமாட்டார்கள். இதயம் எவ்வளவு சக்தி தயாரிக்கிறது என்று முதலில் அளப்பார்கள். அந்த அளவு குறைந்தவர்களுக்குத்தான் மருந்து. அளக்கிற பொறுப்பில் இருந்தவன் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, பெயர் ராகவேந்திரன். டொச் பாஷையில் தொடங்கிய கதை, அவன் கோப்பில் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறியது.

"எக்கோல ஹார்ட் எப்படி பம்ப் பண்ணுதுன்னு தெரியும் சார். ஏன் டயர்டாகுதுன்னு தெரியாது. இதுல ஊசி இல்ல, கத்தி இல்ல, கதிர்வீச்சுகூட இல்ல. காந்தத்துக்குள்ள படுத்தா போதும். தசைக்குள்ள இருக்கிற பாஸ்பரஸ் ஒரு சிக்னல் குடுக்கும். எவ்வளவு எனர்ஜி கையில இருக்கு, எவ்வளவு ரிசர்வ்ல இருக்குன்னு அத வச்சு சொல்லிடுவோம்."

"அப்ப பற்றரிக்கு மீற்றர் பிடிக்கிற மாதிரி."

"கரெக்ட் சார்!"

"சும்மா நிக்கேக்க மீற்றர் வடிவாத்தான் காட்டும் தம்பி. ஒரு தொன் சாமானைத் தூக்கச் சொல்லிப்போட்டுப் பிடிச்சுப் பாருங்கோ. அப்ப தெரியும் வண்டவாளம்."

ராகவேந்திரன் சிரித்துவிட்டான். "இத புரிஞ்சுக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு சார். நல்லா இருக்கிற ஹார்ட் ஒரு நாளைக்கு ஆறு கிலோ எனர்ஜிப் பொருள் தயார் பண்ணி, அன்னிக்கே செலவழிச்சிடும், தெரியுமா?"

"ஆறு கிலோவே!" என்றாள் இராஜேஸ்வரி. "இவர் ஒரு கிலோ அரிசிப் பையை மேல கொண்டுவாறதுக்குள்ள நாலு தரம் படியில குந்துவார்."

போகும்போது அவன் அவர்களைக் காந்த அறையின் வாசலுக்குக் கூட்டிப்போனான். நூலில் கட்டிய ஒரு தாள் கவ்வியைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டான். கீழே தொங்க வேண்டியது, மெல்ல எழும்பி, அறையைப் பார்த்து நேராக நின்றது. உள்ளே இருந்து யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல நூல் விறைத்துத் துடித்தது.

"அதனாலதான் சார், உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருந்தா சொல்லணும். துளி இருந்தாலும். உள்ள போனதும் அது நகரும், சூடாகும், ரத்தக் குழாய கிழிச்சிடும்."

இராஜேஸ்வரி கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரம் தபாலில் வந்தது. மகள் மிதுசா வேலையால் வந்த கையோடு குசினி மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். இராஜேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதயத் துடிப்புக்குப் பெட்டி கிட்டி வச்சிருக்கோ?"

"இல்லை."

"காதுக்குள்ள மெஷின்?"

"இல்லை பிள்ளை. நீ சொல்லுறதெல்லாம் வடிவாக் கேக்குது. அதுதான் கவலை."

"பகிடி விடாதேங்கோப்பா. உடம்பில உலோகத் துண்டு, குண்டுக் காயம்?"

வெட்டுப் பலகையில் கத்தி நின்றது.

"இல்லை."

மிதுசா கட்டத்துக்குள் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் முதுகில் கொழுப்புக் கட்டி என்றுதான் சின்ன வயதில் அவளுக்குச் சொல்லியிருந்தது.

அவள் எழும்பிப் போனதும் இராஜேஸ்வரி கத்தியை வைத்தாள். "என்ன வேலை பாக்கிறியளப்பா? அந்தப் பெடியன் நூலில காட்டினதைக் கண்ணால பாத்தனீங்கள்தானே?"

"ரண்டு வரியமா எத்தினை எக்ஸ்ரே எடுத்தவங்கள்? ஒருத்தனாவது கேட்டவனே, உதென்னெண்டு? அது தன்னைக் காட்டாது. தனக்கு வேணுமெண்டா ஒளிச்சிருக்கத் தெரியும் அதுக்கு."

இதைக் கேட்டதும் இராஜேஸ்வரிக்கு உடம்பு கூசியது. இரும்பென்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று விழாதா? விழவில்லை என்றால், தான் இத்தனை வருடமாக எண்ணெய் தேய்த்துவிட்டது எதன் மேல்?

"சொல்லிப்போடுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்."

"சொன்னால், முப்பத்தேழு வரியத்துக்கு முந்திச் சொன்னது பொய்யெண்டு வரும். பொய் சொல்லி எடுத்த பாஸ்போட்டெண்டு பறிப்பாங்கள். பிள்ளை இஞ்ச பிறந்தவள், அவளின்ர பேரிலயும் கைவைப்பாங்கள். நீர் பேசாமல் கத்தரிக்காயை வெட்டும்."

"அப்ப போகாதேங்கோ."

"போகாட்டி மருந்தில்லை. மருந்தில்லாட்டி நான் எத்தினை நாளைக்கு? நீரே சொல்லும்."

அவள் கத்தியை எடுத்துக் கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினாள்.

கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. ரெயினில் போகும்போது ரைன் ஆறு இருக்கிற இடம் முழுக்க வெண்பனிப் புகாராய்க் கிடந்தது. அதற்குள் ஒரு கப்பல் ஊதியது, கப்பல் தெரியவில்லை. சிவகுருநாதன் யன்னலோடு சாய்ந்து இடது தோளை மெல்ல உருட்டிக்கொண்டே வந்தார். குளிர் குத்துகிறது என்று தெரிந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பெட்டிக்குள் சனம் இருந்தபடியால் மனதுக்குள் ஏசுகிறார். இராஜேஸ்வரி போத்தலில் கொண்டுவந்த மல்லித் தண்ணீரை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லுவாங்களாம்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"தாளில கிடந்தது. நெஞ்சு கீழ இருந்தாத்தான் இதயம் கிட்ட வருமாம். நாப்பது நிமிசம். சுத்தியலால அடிக்கிற மாதிரிச் சத்தம் வருமாம். அசையக்கூடாதாம்." மூடியை உதறித் திருப்பிக் கொடுத்தார். "அண்டைக்குப் பிறகு நான் குப்புறப் படுத்ததே இல்லை, ராசேஸ். நித்திரையிலகூட."

கிளினிக்கில் அவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து அவள் ராகவேந்திரனிடம் போனாள். டொச் ஆளிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாயும் இல்லை, துணிவும் இல்லை. இவனிடம் சொல்லலாம். தமிழில் சொல்லுகிற சொல் எந்த அரசாங்கக் கோப்புக்கும் நேராகப் போய்விடாது என்று அவள் மனம் சொல்லியது.

"தம்பி, ஒரு விசயம். இவற்ற முதுகில ஷெல் துண்டொண்டு கிடக்கு."

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுல இல்லன்னு..."

"அது பயத்தில போட்டது. அந்தக் காலத்துப் பயம். நீங்கள் பிறக்க முந்தின பயம். ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. ஆனா அவரை உதுக்குள்ள விடாதேங்கோ, ராசா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவகுருநாதன் வந்துவிட்டார். இரண்டு முகத்தையும் பார்த்தார். விளங்கிவிட்டது.

"காட்டிக் குடுத்திட்டீர் என்ன?"

"ஓம். குடுத்திட்டன்."

"முப்பத்தொரு வரியம் கூட இருந்துபோட்டு."

"இன்னும் கொஞ்சக் காலம் இருக்கத்தான் குடுத்தனான். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. அதை ஏசின மாதிரி ஏசுங்கோ. கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவர் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். ராகவேந்திரன் அவர் முன்னால் குந்தினான். "சார், எங்களுக்கு உங்க உடம்பு மட்டும்தான் தெரியணும். எப்படி வந்தது, யார் அடிச்சதுன்னு எந்த கேள்வியும் இல்ல இந்த ஃபார்ம்ல. பாஸ்போர்ட்ட யாரும் தொடமாட்டாங்க. இது டாக்டர்கிட்ட சொல்றது, வெளிய போகாது."

"நிச்சயமே?"

"எங்கம்மா மேல சத்தியம் சார்."

அவன் உள்ளே போய்ப் பழைய எக்ஸ்ரேக்களைக் கணினியில் எடுத்தான். போனவன் வர வெகுநேரம் பிடித்தது. வந்தபோது கூடவே நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒரு டொக்ரர் அம்மாவும் வந்தார்.

"சார், இரும்புன்னா எக்ஸ்ரேல வெள்ளையா கண்ண குத்தும். ஒண்ணுமே இல்ல. மங்கலா சின்னதா ஒரு நிழல் இருக்கு. பழைய ரிப்போர்ட்ல, சுண்ணாம்பு படிஞ்ச இடம், ஆபத்தில்லன்னு ஒரு வரி எழுதிட்டு விட்டிருக்காங்க. அது என்னன்னு பாக்க ஒரு சிடி எடுத்துடலாம். அஞ்சு நிமிஷம்."

இராஜேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரும்பில்லை என்றால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், இரும்பில்லை என்றால் பிறகு என்ன என்று கேட்டது.

படம் வந்தது. டொக்ரர் அம்மா அவர்களைத் திரைக்கு முன்னால் இருத்தி, பேனையால் ஓரிடத்தைக் காட்டினார். தசைக்குள் ஒரு சின்ன வெள்ளை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் கொஞ்சம் வளைவு. அவர் மெதுவாகக் கேட்டதை ராகவேந்திரன் தமிழில் சொன்னான்.

"உங்களுக்கு எப்பவாவது விலாவோ தோள்பட்டையோ உடைஞ்சிருக்கான்னு கேக்கறாங்க."

"இல்லை."

"அன்னிக்குக்கூட?"

"இல்லை. ஓட்டை மட்டும்தான்."

டொக்ரர் அம்மா திரையில் அவருடைய விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். தோள்பட்டையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்தன. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு மிகத் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். ராகவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சொல்லுங்கோ தம்பி."

"அன்னிக்கு உங்க பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு கேக்கறாங்க சார்."

சிவகுருநாதன் மெல்லத் தலையாட்டினார்.

"அது எலும்பு மாதிரி இருக்காம். உங்களோடது இல்லன்னு நினைக்கிறாங்க. குண்டு வெடிக்கிற இடத்துல இப்படி ஆகிறது உண்டாம். நிச்சயமா சொல்லணும்னா வெட்டி எடுத்துதான் பாக்கணும். ஆனா இரும்பு இல்ல, அது உறுதி. காந்தம் அத ஒண்ணும் செய்யாது. நீங்க சம்மதிச்சா இன்னிக்கே அளந்துடலாம்."

சிவகுருநாதன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வலது கை தன்பாட்டில் எழும்பி இடது தோளுக்கு மேலால் பின்னுக்குப் போயிற்று. எட்டவில்லை. அவருக்கு ஒருநாளும் அந்த இடம் எட்டியதில்லை.

"யோசப்பின்ர வீட்டுக்காரர் சவப்பெட்டியை மூடித்தான் வச்சிருந்தவை" என்றார். "தாய் மனிசி திறக்கச் சொல்லிக் கத்தினவ. நான் பின்னால காயக்கட்டோட நிண்டனான். அவன் என்னட்ட நிண்டிருக்கிறான். அவ கத்தேக்க, என்னட்ட நிண்டிருக்கிறான்." மூச்சு வாங்கியது. "நான் இவ்வளவு காலமும் அவனைப்போய்... என்னென்ன சொல்லால... இராஜேஸ்வரி, நான் அவனையெல்லே ஏசினனான்."

இராஜேஸ்வரி அவர் கையைப் பிடித்தாள். டொக்ரர் அம்மா ஏதோ சொன்னார்.

"வேணும்னா இன்னொரு நாள் வரலாம்னு சொல்றாங்க" என்றான் ராகவேந்திரன். "எடுத்துடணும்னாலும் சொல்லுங்க, சின்ன ஆப்பரேஷன்தான்."

"எடுக்கவேண்டாம்." சிவகுருநாதன் முகத்தைத் தொப்பியால் துடைத்தார். "இண்டைக்கே அளவுங்கோ. இன்னொரு நாள் வர எனக்குத் தென்பிருக்குமோ தெரியாது."

உடுப்பு மாற்றும் அறையில் நீல நிற அங்கி ஒன்று கொடுத்தார்கள். முதுகுப்பக்கம் நாடா. அவருக்குக் கட்ட ஏலாது, இராஜேஸ்வரி பின்னால் வந்து நின்றாள். கீழ் நாடாவைக் கட்டினாள். மேல் நாடாவைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முப்பத்தொரு வருடம் பெருவிரலால் அமத்தி, வழுக்கவிட்டு, ஒருதரம் பகிடியாக இதை வெட்டி எறிந்தால் என்ன என்றும் கேட்ட இடம்.

"அவனோட ஏதும் கதைக்கவேணும் போல கிடக்கு" என்றார் சிவகுருநாதன் சுவரைப் பார்த்தபடி. "வாய் வருகுதில்லை. என்ர வாயால அவன் கேட்டது போதும்."

"நான் கதைக்கிறன்."

அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் விரித்து வைத்தாள். அமத்தவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி வைத்தாள்.

"யோசப் தம்பி, நான் இவற்ற மனிசி. இவ்வளவு நாளும் உம்மோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஆரெண்டு தெரியாமல் போச்சு. இவர் ஏசினதுகளை மனசில வச்சிருக்காதையும், உம்மைச் சாகடிச்சவனை எண்டு நினைச்சுத்தான் ஏசினவர். இப்ப உங்களைக் குப்புறப் படுக்கவிடப் போயினம். அடிக்கிற சத்தம் கேக்கும். பயப்பிடாதையும், அது சும்மா சத்தம். நாப்பது நிமிசத்தில முடிஞ்சிடும். இந்த முறை ரண்டு பேரும் எழும்பி வருவியள்."

அவர் முதுகு அவள் கைக்குக் கீழே குலுங்கி, அடங்கியது. அவள் மேல் நாடாவைச் சுருக்குப் போட்டுக் கட்டினாள்.

ராகவேந்திரன் அவளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தன் கதிரைக்கு அருகில் இருத்தினான். அந்தப் பக்கம் சிவகுருநாதன் மெத்தையில் ஏறினார். யாரும் பிடித்துப் படுக்கவைக்கத் தேவையிருக்கவில்லை. முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, தானாகவே குப்புறப் படுத்தார். ராகவேந்திரன் ஒலிவாங்கியில் குனிந்தான்.

"சார், ரொம்ப வலது ஓரமா படுத்திருக்கீங்க. நெஞ்சு சரியா இந்த காயில் வளையத்துக்கு மேல வரணும். கொஞ்சம் இடது பக்கமா, நடுவுல வாங்க, ப்ளீஸ்."

சிவகுருநாதன் அசையவில்லை. மெத்தை ஒடுக்கமானது. அதன் வலது விளிம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். இடப்பக்கத்தில் ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது.

"சார்?"

அது யோசப் கிடந்த பக்கம் என்று இராஜேஸ்வரிக்குத் தெரியும். ராகவேந்திரன் அந்த ஒரு சாண் இடத்தைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒலிவாங்கியை மூடிவிட்டு எழும்பி உள்ளே போனான். அவர் நெஞ்சுக்குக் கீழே கையை விட்டு, அளக்கிற வளையத்தை மெல்ல வலப்பக்கமாக நகர்த்தி, அவர் இதயம் எங்கே கிடந்ததோ அங்கே கொண்டுபோய் வைத்தான்.